நடத்தைச் சிகிச்சை எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியலின் வரலாற்றைப் பற்றிப் பேசி முடித்ததும் கை தூக்குபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நாயும் மணியும், எலியைக் கண்டு அழுத குழந்தை, பெட்டியில் வளர்ந்த மகள், மின்னதிர்ச்சி. பல ஆண்டுகளாகத் துண்டுச் சீட்டுகளில் குறித்து வைத்திருந்தவற்றை இங்கே அடுக்கியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால். இது வரலாறு மட்டுமே. உங்கள் சிகிச்சை பற்றிய முடிவை உங்களைப் பார்க்கும் மருத்துவரோடு பேசி எடுங்கள்.

நடத்தைச் சிகிச்சை என்றால் நடத்தை கெட்டவர்களைத் திருத்துவதா?

இல்லை. குழப்பம் நம் சொல்லில் இருக்கிறது. "அவன் நடத்தை சரியில்லை" என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லுக்கு ஒழுக்கத்தின் வாடை ஏறிவிட்டது. உளவியலில் நடத்தை என்பது ஒருவர் செய்யும் செயல், அவ்வளவுதான். பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பது, லிஃப்டைக் கண்டதும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுவது, விடிந்த பிறகும் படுக்கையை விட்டு எழாமல் கிடப்பது எல்லாம் நடத்தைதான். எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எண்ணிவிட முடியும்.

இப்படிச் செய்வதில் பெரும்பகுதி கற்றுக்கொண்டது, கற்றதை வேறுவிதமாகவும் கற்க முடியும் என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை. மனத்தின் ஆழத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று தோண்டுவதைவிட, இன்று என்ன நடக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், தேர்வுக்கு வேண்டும்.

ஒரே பெயர்தான் வேண்டுமென்றால் ஜோசப் வோல்ப்பி என்று எழுதுங்கள், மதிப்பெண் வந்துவிடும். உண்மை இதைவிடக் கலைந்து கிடக்கிறது. 1950களில் மூன்று நாடுகளில் மூன்று கூட்டத்தார் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் வோல்ப்பி. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களும். அமெரிக்காவில் பி.எஃப். ஸ்கின்னர் வழிவந்தவர்கள்.

பெயர் வைத்த கதையும் இப்படித்தான். 1953இல் லிண்ட்ஸ்லி, ஸ்கின்னர் முதலியோர் ஒரு மனநல மருத்துவமனை ஆய்வின் அறிக்கையில் 'நடத்தைச் சிகிச்சை' என்று எழுதினார்கள். 1958இல் வோல்ப்பியிடம் பயின்ற ஆர்னால்டு லாசரஸ் தனியாக அதே சொல்லைப் பயன்படுத்தினார். 1959இல் ஐசெங்க் அதை ஊரறியச் செய்தார். மூவரும் அந்தச் சொல்லால் குறித்தது ஒன்றே அல்ல என்பதுதான் வேடிக்கை.

பாவ்லவ் மணியடித்தார், நாய்க்கு எச்சில் ஊறியது. இதற்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்?

இவான் பாவ்லவ் உளவியலாளரே அல்ல. செரிமானத்தை ஆராய்ந்த உடலியலாளர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆய்வுக்காகத்தான். உணவு வாயில் படுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்களுக்கு எச்சில் ஊறியது. கணக்கைக் கெடுத்த அந்தத் தொந்தரவையே அவர் பிறகு வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி), மின் ஒலிப்பான், விளக்கு என்று எத்தனையோ தூண்டல்களைப் பயன்படுத்தினார்; புகழ் என்னவோ மணிக்குப் போய்விட்டது. உணவோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வரும் எதுவும் பிறகு தனியாகவே எச்சிலை வரவழைக்கும். பாடநூல்கள் இதை ஆக்கநிலையிறுத்தம் என்கின்றன. வாயில் நுழையாத சொல் என்பதால் நான் 'இணைத்துக் கற்பது' என்றே சொல்லப்போகிறேன்.

மனநலத்தோடு தொடர்பு வேறொரு சோதனையில் இருக்கிறது. 1914இல் அவருடைய ஆய்வகத்தில் ஒரு நாய்க்கு வட்டம் காட்டினால் உணவு, நீள்வட்டம் காட்டினால் உணவு இல்லை என்று பழக்கினார்கள். பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்கு அருகே கொண்டுபோனார்கள். அச்சுகளின் விகிதம் 9:8 ஆனபோது நாய் நிலைகுலைந்தது. அதுவரை சாதுவாக நின்றது குரைத்தது, கருவிகளைக் கடித்துப் பிய்த்தது, எளிய வேறுபாடுகளைக்கூட அறிய முடியாமல் திணறியது. கற்பிப்பதாலேயே ஒரு உயிரை நோயுற்றதுபோல் ஆக்க முடியும் என்றால், கற்பித்தே அதை மீட்கவும் முடியுமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் வரப் பல ஆண்டுகள் ஆயின.

இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னால் யாருக்குமே இது தோன்றவில்லையா?

தோன்றாமல் என்ன! 1693இல் ஜான் லாக் குழந்தை வளர்ப்பு பற்றி எழுதும்போது, தவளையைக் கண்டு அலறி ஓடும் பிள்ளைக்கு வழி சொல்கிறார். வேறொருவர் தவளையைப் பிடித்துத் தூரத்தில் வைக்கட்டும். பிள்ளை முதலில் பார்க்கப் பழகட்டும், பிறகு அருகில் வரட்டும், பிறகு இன்னொருவர் கையில் இருக்கும்போது மெல்லத் தொடட்டும், கடைசியில் வண்ணத்துப்பூச்சியைப் போல் தானே கையில் எடுக்கட்டும். இன்றைய சிகிச்சையாளர் எழுதும் படிநிலைப் பட்டியலும் ஏறக்குறைய இதுதான்.

இளைஞராக இருந்தபோது கவிஞர் கோத்தேவுக்கு உயரம் என்றாலே தலைசுற்றல். ஸ்ட்ராஸ்பர்க்கில் படித்த நாட்களில் (1770-71) அங்கிருந்த பேராலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியாக ஏறி, திறந்தவெளியில் ஒரு சிறு மேடைமீது நின்று பழகினார். அச்சம் மரத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப ஏறினார். பாட்டிமார்களுக்கும் குதிரை பழக்குபவர்களுக்கும் தெரிந்திருந்த ஒன்றை உளவியல் தாமதமாகக் கண்டுகொண்டது என்றுகூடச் சொல்வேன். புதிதாக வந்தது அளந்து பார்க்கும் பழக்கம்.

ஒரு குழந்தைக்கு எலியைக் காட்டிப் பயமுறுத்தினார்களாமே, உண்மையா? அந்தக் குழந்தை என்ன ஆனது?

உண்மை. உளவியல் கவனிக்கத்தக்க நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று 1913இல் முழங்கிய ஜான் வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரேய்னரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு அது. 'ஆல்பர்ட்' என்று பெயரிடப்பட்ட குழந்தைக்கு அப்போது பதினொரு மாதம். வெள்ளெலியை அவன் தொடப்போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் எஃகுக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழு முறை போதுமானதாக இருந்தது. எலியைக் கண்டாலே அழுதான். முயல், நாய், ரோமக் கோட்டு ஆகியவற்றுக்கும் அந்த மிரட்சி பரவியது.

அச்சத்தைப் போக்காமலேயே குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. பிறகு என்ன ஆனான் என்று ஆராய்ந்தவர்கள் 2009இலும் 2014இலும் இரண்டு வெவ்வேறு ஆட்களைச் சுட்டினார்கள். விவாதம் ஓயவில்லை. ஒரே குழந்தை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தை இல்லை, எதிர்வினையைத் தீர்மானித்ததும் சோதித்தவர்களே. சான்று என்ற வகையில் பலவீனமான ஆய்வு, அறம் என்ற வகையில் இன்று எந்தக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு. ஆனாலும் பாடநூல்களை விட்டு அது இறங்க மறுக்கிறது.

பயத்தை உண்டாக்கியவர்கள் இருக்கட்டும், போக்கியவர் யார்?

மேரி கவர் ஜோன்ஸ். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் சொல்வது இவரைத்தான் (தேர்வில் வோல்ப்பி என்றே எழுதுங்கள்). ரேய்னரின் கல்லூரித் தோழி. வாட்சன் அவ்வப்போது வந்து ஆலோசனை சொன்னார். பீட்டர் என்ற, மூன்று வயது நிரம்பாத சிறுவன் முயலைக் கண்டு நடுங்கினான். ரோமக் கோட்டும் பஞ்சும்கூட அவனை மிரட்டின. ஆல்பர்ட்டின் கதை தானாகவே நிகழ்ந்துவிட்டது போல.

முயலைக் கண்டு பயப்படாத பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டார் ஜோன்ஸ். முன்னேற்றம் தெரிந்தது. இடையில் பீட்டர் நோயில் படுத்தான், ஒரு பெரிய நாய் அவன்மீது பாய்ந்தது, எல்லாம் பழையபடி ஆனது. இரண்டாவது முறை அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டை அறையின் கோடியில் வைத்து, நாளுக்கு நாள் அருகே நகர்த்தினார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவினான், தன் விரலை அது கொறிக்கவும் விட்டான். 1924இல் வெளியான இந்த அறிக்கை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தூங்கியது. பின்னாளில் வோல்ப்பிதான் ஜோன்ஸை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று அழைத்தார்.

1924இலேயே வழி தெரிந்துவிட்டது. பிறகு ஏன் 1950கள்வரை ஒன்றும் நடக்கவில்லை?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1938இல் மௌரர் தம்பதியர் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கு ஈரம் பட்டதும் மணி அடிக்கும் விரிப்பைப் பயன்படுத்தினார்கள். அதன் வாரிசுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அது தனித்தீவாகவே கிடந்தது.

தடையாக இருந்தது அறிவுப் பஞ்சம் அல்ல, தொழில் எல்லை என்பது என் கருத்து. மனநோய்க்குச் சிகிச்சை தரும் உரிமை மருத்துவர்களிடம் இருந்தது, அமெரிக்காவில் அந்த மருத்துவர்களில் செல்வாக்கு மிக்கவர்கள் பிராய்டின் உளப்பகுப்பாய்வுக் கட்சி, அதாவது மனத்தின் ஆழத்தில் புதைந்ததைப் பேசவைத்துத் தோண்டுபவர்கள். உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைத்து அறிக்கை எழுதிக் கொடுப்பவர். இரண்டாம் உலகப் போர் இந்தச் சுவரை உடைத்தது. மனம் உடைந்து திரும்பிய வீரர்கள் ஏராளம், உளப்பகுப்பாய்வாளர்களோ சொற்பம். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும் முறையைக் கொண்டு அவ்வளவு பேருக்கு எப்படிச் சிகிச்சை தருவது?

வோல்ப்பி அப்படி என்ன செய்தார்? பூனைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த வோல்ப்பி போரில் இராணுவ மருத்துவர். போர் அதிர்ச்சிக்கு ஆளான வீரர்களை மருந்தால் மயக்கிப் பேசவைக்கும் முறையைக் கையாண்டார். மனத்தைக் கொட்டிவிட்டால் தீரும் என்றார்கள், தீரவில்லை. பிராய்டில் நம்பிக்கை போய், போருக்குப் பிறகு பூனைகளிடம் வந்தார். கூண்டில் மின்னதிர்ச்சி வாங்கிய பூனைகள், அதிர்ச்சி நின்ற பிறகும் அந்தக் கூண்டில் பட்டினி கிடந்தன, உணவைத் தொடவில்லை. அந்த அறையிலும் சாப்பிடவில்லை. கூண்டுள்ள அறைக்குக் கொஞ்சமும் ஒப்பில்லாத அறையில் வைத்தபோது தயங்கித் தயங்கிச் சாப்பிட்டன. அங்கிருந்து கொஞ்சம் ஒத்த அறை, இன்னும் ஒத்த அறை, கடைசியில் அதே கூண்டு. பீட்டரின் முயல் நடந்த அதே பாதை.

உணவும் அச்சமும் ஒரே நேரத்தில் ஒரு உடலில் குடியிருக்க முடியாது, ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும் என்று முடிவு கட்டினார். வளர்ந்த மனிதர்களுக்கு எத்தனை முறைதான் ஊட்டிவிடுவது? உணவின் இடத்தில் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சியை வைத்தார். ஜேக்கப்சன் அதற்கு எத்தனையோ அமர்வுகள் எடுத்துக்கொள்வார். வோல்ப்பி சில அமர்வுகளாகச் சுருக்கினார். நோயாளி தன் அச்சங்களைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை பட்டியலிட வேண்டும். உடலைத் தளர்த்தியபடி பட்டியலின் அடிப்படியை மனக்கண்ணில் காண வேண்டும், கலக்கமில்லாமல் காண முடிந்தால் அடுத்த படி. இதற்குப் படிப்படியாகக் கூச்சம் நீக்கல் என்று பெயர்.

1958இல் வந்த அவருடைய நூலில் 210 பேருக்குச் சிகிச்சை தந்ததாகவும் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் தேறியதாகவும் எழுதினார். ஒப்பிட வேறு குழு இல்லை, தேறினார்களா என்று தீர்ப்பு சொன்னவரும் அவரேதான். ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். என்ன செய்தார் என்பதை வேறொருவர் அப்படியே செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதிவைத்தார். 1966இல் கோர்டன் பால் என்பவர் மேடைப் பேச்சுக்கு அஞ்சும் மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தார். உள்ளுணர்வு தேடும் பேச்சுச் சிகிச்சை, வெறும் கவனிப்பு, சிகிச்சையே இல்லாத குழு ஆகியவற்றோடு ஒப்பிட்டபோது கூச்சம் நீக்கலே முந்தியது.

அப்படியானால் தசையைத் தளர்த்துவதுதான் மருந்தா?

இல்லை என்று பிறகு தெரிந்தது. வோல்ப்பியின் முறையைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். தளர்ச்சி இல்லாமலும் பலர் தேறினார்கள், படிநிலையை மாற்றினாலும் தேறினார்கள். அஞ்சும் பொருளை விட்டு ஓடாமல் எதிர்கொள்வது ஒன்று மட்டும் இருந்தே ஆக வேண்டியிருந்தது. முந்தைய பதிலில் சொன்ன 'ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும்' என்ற விளக்கம் ஆட்டம் கண்டது, சிகிச்சை நிலைத்தது. இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கும். செய்தது சரியாக இருக்கும், சொன்ன காரணம் தவறாக இருக்கும்.

இதன் மிகத் துணிச்சலான எடுத்துக்காட்டு விக்டர் மேயர். 1966இல் இலண்டனில், ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும் நோயாளிக்கு அழுக்கு என்று அவர் அஞ்சியவற்றைத் தொடவைத்து, கழுவ விடாமல் தடுத்தார். செவிலியர் இரவும் பகலும் உடனிருந்தார்கள், அறையின் குழாயை மூடிவைத்தார்கள். ஓசிடி எனப்படும் இந்த எண்ணச் சுழற்சி நோய்க்கு எந்தச் சிகிச்சையும் பலிப்பதில்லை என்றிருந்த காலம் அது. முதல் அறிக்கையில் இருந்தது இரண்டே நோயாளிகள். இன்று அந்த நோய்க்கான முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்று அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஸ்கின்னர் தன் மகளைப் பெட்டியில் அடைத்து வளர்த்தார், அவள் பைத்தியமாகிவிட்டாள் என்கிறார்களே?

கட்டுக்கதை. குழந்தைக்காக அவர் செய்தது கண்ணாடி முன்புறம் கொண்ட, வெப்பம் சீராக இருக்கும் தொட்டில். போர்வைச் சுமை இல்லாமல் குழந்தை கைகாலை ஆட்டலாம். 1945இல் ஒரு பெண்கள் பத்திரிகை அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் 'பெட்டி' என்ற சொல் வந்துவிட்டது. எலிகளுக்காக அவர் வைத்திருந்த சோதனைப் பெட்டியோடு மக்கள் அதைக் குழப்பிக்கொண்டார்கள். அந்த மகள் ஓவியரானார். 2004இல் தானே எழுதி வதந்தியை மறுத்தார்.

ஸ்கின்னருக்கும் பாவ்லவுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

பாவ்லவின் நாய்க்கு எச்சில் தானாக ஊறுகிறது, நாய் எதையும் 'செய்யவில்லை'. ஸ்கின்னரின் எலி நெம்புகோலை அழுத்துகிறது, தீனி விழுகிறது, ஆகவே மறுபடி அழுத்துகிறது. செயலின் விளைவு செயலைத் தீர்மானிக்கிறது. 1898இல் புதிர்ப் பெட்டியில் பூனைகளை அடைத்து எட்வர்ட் தார்ண்டைக் கண்டதன் விரிவு இது. விளைவாக வந்து செயலை வலுப்படுத்துவதை வலுவூட்டி என்கிறோம். சிகிச்சையிலும் இரு கிளைகள் இப்படியே பிரிந்தன. அச்சம், பதற்றம் எல்லாம் பெரும்பாலும் பாவ்லவ் வழி. மருத்துவமனை விடுதிகள், வகுப்பறைகள், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் எல்லாம் ஸ்கின்னர் வழி.

நோயாளிக்கு வில்லை கொடுத்து வேலை வாங்குவது லஞ்சம் இல்லையா?

1961 முதல் இலினாய் மாநிலத்தின் அன்னா அரசு மருத்துவமனையில் தியடோரோ அய்யோனும் நேதன் அஸ்ரினும் நடத்திய முறையைக் கேட்கிறீர்கள். பல்லாண்டுகளாக விடுதியில் முடங்கிக் கிடந்தவர்கள் படுக்கையை ஒழுங்கு செய்தால், வேலை செய்தால், நாணயம் போன்ற உலோக வில்லைகள் கிடைக்கும். அதைக் கொடுத்துத் தனியறை, வெளியே உலா போன்றவற்றைப் பெறலாம். வில்லையை நிறுத்தியதும் வேலை சரிந்தது, திரும்பக் கொடுத்ததும் ஏறியது. கைவிடப்பட்டவர்களாலும் முடியும் என்று காட்டியது பெரிய விஷயம்.

லஞ்சம் என்பது தகாததைச் செய்யக் கொடுப்பது. சம்பளத்தை யாரும் லஞ்சம் என்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. வில்லை இல்லாவிட்டால் நோயாளி எதை இழந்தார்? சில இடங்களில் நல்ல உணவும் வசதியான படுக்கையுமே விலைப்பட்டியலில் ஏறின. 1972இல் அலபாமா மாநில வழக்கொன்றில் நீதிமன்றம் குறைந்தபட்ச உரிமைகளை வரையறுத்தது. படுக்கை, உணவு போன்றவை எந்த நிபந்தனையுமின்றிக் கிடைக்க வேண்டியவை என்றானது. அதன் பிறகு பரிசாக எதை வைப்பது என்பதே பல விடுதிகளில் சிக்கலாகிவிட்டது.

சிகிச்சை எடுக்காமலே மூன்றில் இரண்டு பேர் குணமாவார்கள் என்று ஐசெங்க் சொன்னது சரியா?

1952இல் அவர் 24 ஆய்வுகளிலிருந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்தார். உளப்பகுப்பாய்வில் தேறியவர்கள் 44 விழுக்காடு, கலவையான சிகிச்சைகளில் 64, பொது மருத்துவரின் கவனிப்போ விடுதிக் காவலோ மட்டும் பெற்றவர்களில் 72. அதாவது சிகிச்சை கூடக்கூடத் தேறுதல் குறைகிறது! கணக்கில் ஓட்டைகள் இருந்தன. பாதியில் நின்றவர்களைத் தோல்வி என்று எண்ணினார், 'தேறுதல்' என்பதற்கு ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு பொருள் வைத்திருந்தது. 1977இல் ஸ்மித், கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சிகிச்சை பெற்ற சராசரி ஆள் பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நன்றாக இருந்தார்.

அப்படியும் ஐசெங்க்குக்கு ஒரு கடன் இருக்கிறது. "உங்கள் சிகிச்சை பலிக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு தொழிலையே மூலையில் நிறுத்திக் கேட்டவர் அவர். அதே கேள்வி அவர் மீதும் திரும்பியது. ஆளுமையும் புற்றுநோயும் பற்றி அவர் பிற்காலத்தில் ஒருவரோடு சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகளை 2019இல் அவருடைய பல்கலைக்கழகமே நம்பத்தகாதவை என்று அறிவித்தது.

மின்னதிர்ச்சி கொடுத்தார்கள் என்பது உண்மையா, அல்லது அதுவும் கட்டுக்கதையா?

உண்மை, இதை மழுப்பக்கூடாது. வெறுப்பூட்டும் சிகிச்சை என்பது வேண்டாத பழக்கத்தோடு வேதனையை இணைப்பது. 1930லேயே சோவியத் நாட்டில் குடிநோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1960களில் பிரிட்டனிலும் வேறிடங்களிலும் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களுக்குப் படங்களைக் காட்டி மின்னதிர்ச்சியோ வாந்தி மருந்தோ கொடுத்தார்கள். அவர்களில் சிலர் சிறைத் தண்டனைக்கு மாற்றாக இதற்கு இணங்கியவர்கள். 'விரும்பி வந்தார்கள்' என்று ஆய்வறிக்கை எழுதுவது எவ்வளவு எளிது பாருங்கள். ஈர்ப்பு மாறவில்லை, வெட்கமும் அச்சமும் மிஞ்சின.

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு நடத்தைச் சிகிச்சையாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜெரால்டு டேவிசன், கேட்டு வந்தாலும் இந்த 'மாற்றும்' சிகிச்சையைத் தரக்கூடாது என்று தன் தலைமையுரையில் வாதிட்டார். அவரே முன்பு அத்தகைய சிகிச்சையைச் செய்து எழுதியவர் என்பதால் அந்தச் சொல்லுக்குக் கனம் இருந்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் இது நடந்தது. ஐவர் லோவாஸ் 1960களில் அறைதலையும் மின்னதிர்ச்சியையும் பயன்படுத்தினார். 1987இல் 19 பிள்ளைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் சேர்ந்து படிக்கும் நிலைக்கு வந்ததாக அவர் வெளியிட்ட முடிவு பெற்றோர்களை ஈர்த்தது. இன்று பல இடங்களில் தண்டனைகள் கைவிடப்பட்டுவிட்டன. ஆனாலும், தாங்கள் வேறு மாதிரி இருப்பதையே குறையாகக் கருதி அடக்கப் பழக்கினார்கள் என்று வளர்ந்துவிட்ட ஆட்டிசம் உடையவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. அதைக் கேட்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவதுபோல் இல்லையா? நோய் வேறு வடிவில் வெளிவராதா?

உளப்பகுப்பாய்வாளர்கள் முன்வைத்த மிகக் கூர்மையான எதிர்ப்பு இது. சோதிக்கக்கூடிய எதிர்ப்பும்கூட. மணியடிக்கும் விரிப்பால் குணமான பிள்ளைகளிடம் புதிய கோளாறு முளைக்கிறதா என்று தேடினார்கள். முளைக்கவில்லை. பலர் முன்பைவிட உற்சாகமாக இருந்தார்கள்.

ஆனால் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் யாரோ அடிக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளையின் 'அச்சத்தை' நீக்குவது கொடுமை. நல்ல நடத்தைச் சிகிச்சையாளர் முதல் வேலையாக இந்தச் செயல் எதனால் நிற்கிறது என்று ஆராய்வார். அதுவும் வேரைத் தேடுவதுதான். கடந்த காலத்தில் தேடாமல் இன்றைய சூழலில் தேடுகிறார்.

சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதன் குழந்தைதானே?

பாதி. எண்ணத்தையும் செயலையும் சேர்த்து மாற்றப் பார்க்கும் முறை அது. அதன் தந்தையர் இருவரும் எதிர்முகாமான உளப்பகுப்பாய்விலிருந்து வந்தவர்கள். ஏரன் பெக் உளப்பகுப்பாய்வாளர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய சினம் என்ற பிராய்டின் கருத்தை நிறுவத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். சினத்தைக் காணவில்லை. தோல்வியும் இழப்புமே கனவெங்கும் இருந்தன. தன்னைப் பற்றி இவர்கள் நினைக்கும் விதமே நோயின் பகுதி என்று 1960களில் முடிவுக்கு வந்தார். 1977இல் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வும், 1979இல் வந்த கையேடும் அவர் முறையை நிலைநாட்டின.

ஆல்பர்ட் எல்லிஸ் 1955இல் தன் முறையைத் தொடங்கினார். பத்தொன்பது வயதில் பெண்களிடம் பேசக் கூசிய தான், வாட்சன் வழியினரைப் படித்துவிட்டு ஒரு தாவரவியல் பூங்காவின் பெஞ்சில் ஒரு மாதத்தில் 130 பெண்களின் அருகே போய் உட்கார்ந்ததாக அவரே பலமுறை சொல்வார். முப்பது பேர் எழுந்து போனார்கள். நூறு பேரிடம் பேசினார். ஒருவர் மட்டும் மீண்டும் சந்திக்கச் சம்மதித்தார், வரவில்லை. கூச்சம் மட்டும் போய்விட்டது. 'எண்ணத்தை மாற்று' என்று ஊருக்குச் சொன்னவர் தன்னைக் குணப்படுத்திக்கொண்டது எதிர்கொள்ளலால்!

எண்ணத்தை மாற்றுவதா, செயலை மாற்றுவதா, எது முக்கியம் என்று முடிவாகிவிட்டதா?

1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வுள்ள சுமார் 150 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றாடச் செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டுவது மட்டும், இன்னொன்றுக்கு அதோடு எண்ணங்களைச் சோதிப்பதும், மூன்றாவதற்குப் பெக்கின் முழு முறையும். மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பெக் கட்சியினருக்கு அது சங்கடம். ஆனால் 'எண்ணம் தேவையே இல்லை' என்றும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வெளியே போய் நாலு பேரைப் பார்த்தவரின் எண்ணம் யாரும் சோதிக்காமலேயே மாறியிருக்கலாம் அல்லவா?

மூன்றாம் அலை என்கிறார்களே, அது என்ன?

ஸ்கின்னர், வோல்ப்பி காலம் முதல் அலை, பெக் காலம் இரண்டாவது. மூன்றாவது, எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் அது வந்து போவதைக் கவனிக்கவிட்டு, வேண்டிய செயலைத் தொடரச் சொல்வது. ஸ்டீவன் ஹேய்ஸ் 2004இல் இந்தப் பெயரைப் பரப்பினார். அலை என்பதே தன் சரக்கைப் புதிது என்று காட்டும் விளம்பரச் சொல் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

மார்ஷா லினஹனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தற்கொலைக்கு மீண்டும் மீண்டும் முயலும் பெண்களிடம் வெறும் 'மாற்று, மாற்று' என்ற பழைய முறை எடுபடவில்லை என்று கண்டு, இருப்பதை ஏற்றுக்கொள்வதையும் மாற்றத்தையும் சேர்த்துக் கட்டினார். 1991இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். தானும் இளமையில் அப்படி மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல்தான் வெளிப்படையாகச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. சிகிச்சையில் போன பயம் அழிந்தே போகிறதா?

அழிவதில்லை. இது பாவ்லவுக்கே தெரியும். உணவு இல்லாமல் மெட்ரோனோமை மட்டும் ஒலிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் எச்சில் நின்றுவிடும். சிறிது நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஒலித்தால் நாய்க்கு மீண்டும் ஊறும். மார்க் பௌட்டன் பிற்காலத்தில் எலிகளிடம் இதை நுணுக்கமாகக் காட்டினார். ஓர் அறையில் கற்ற அச்சத்தை இன்னோர் அறையில் போக்கினால், பழைய அறைக்குத் திரும்பியதும் அச்சமும் திரும்புகிறது. பழைய பாடம் அப்படியே இருக்கிறது, 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பீட்டர் இடையில் பழையபடி ஆனதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அதனால் மிஷெல் கிராஸ்க் போன்றவர்கள் எதிர்கொள்ளலை ஒரே இடத்தில், ஒரே வரிசையில் செய்வதில்லை. நாயைக் கண்டு அஞ்சுபவர் சிகிச்சை அறையின் சாதுவான நாயோடு நிறுத்திக்கொண்டால் போதாது. பூங்காவில் ஒரு நாய், தெருவில் ஒரு நாய், சிறிது, பெரிது, துணையோடு ஒரு நாள், தனியாக ஒரு நாள் என்று பழக வேண்டும். வோல்ப்பி வற்புறுத்திய ஏறுவரிசையைக்கூட வேண்டுமென்றே கலைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிவைக்கிறார்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளை எடுத்து, நடந்தது என்ன என்று அதன் கீழேயே எழுதச் சொல்கிறார்கள்.